‘எங்களுக்கு இது புதிசில்லை’

இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022 ஏப்ரலில், கனடாவிலிருந்து சித்தி போன் எடுத்தபோது கேட்ட முதல் கேள்வி, "அங்கை சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள்?" அடுத்து அவரே ஆறுதலும் சொன்னார். "உங்களுக்கென்ன, பழகின சனம்தானே. தொண்ணூறுகளிலை பாக்காத கஷ்டமே?"

அந்த ஆண்டு முழுக்க இந்த வசனத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டேன். கொழும்பில் இருக்கும் கூட்டாளிகள் சொன்னார்கள். பெற்றோல் வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்: "எங்களுக்கு இது புதிசில்லை." அதில் ஒரு பெருமை இருந்தது. நானும் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமையில் எங்கே பிழை இருந்தது என்று எனக்குப் பிடிபட ஒக்டோபர் ஆகிவிட்டது.

எங்கள் வீடு கோண்டாவில் பக்கம். நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். இவர் ஓட்டோ ஓட்டுகிறார். மகன் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தான், மகள் நாலாம் வகுப்பு. அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரண்டு பரப்பு வளவு, அதற்குள் ஐந்து தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் இரண்டு பனை, ஒரு கிணறு. இந்தப் பட்டியலைச் சும்மா சொல்லவில்லை. 2022ஐ யார் எப்படிக் கடந்தார்கள் என்பதை அவரவர் வளவுக்குள் என்ன நின்றது என்பதும் தீர்மானித்தது. கொழும்பில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு காஸ் தீர்ந்தால் அடுப்பே இல்லை. எங்களுக்குக் காவோலை இருந்தது.

அம்மாவின் ஆட்சி தொடங்கியது மார்ச் கடைசியில். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை என்று அறிவித்த கிழமை அது. மகன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தான், அதுவும் சார்ஜ் இறங்கிவிட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனார். பழைய ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டார். சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வுக்குள் நூலைக் கோத்துத் திரியாக்கி நடுவில் நிறுத்தினார். சுடர் ஒரு நெல்மணி அளவுதான், ஆனால் கண்ணாடி காற்றைத் தடுப்பதால் ஆடாது. கொஞ்ச எண்ணெயில் ஓர் இரவு எரியும்.

1990 ஜூனில் இரண்டாம் முறை சண்டை தொடங்கி, குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போய், பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படித்தது இந்த விளக்கில்தான். நானும் அப்படிப் படித்தவள்தான். அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். முதலில் கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில சொட்டு விடுவார். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, நாங்கள் மாறி மாறிப் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் வானொலிச் செய்தி கேட்பார்கள். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது யாராவது கை நோகுது என்று நிறுத்திவிட்டால் பேச்சு விழும்.

மகனுக்கு விளக்கு பிடித்துவிட்டது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். "அம்மம்மா ஒரு என்ஜினியர்" என்றான். அம்மா சிரித்தார், ஆனால் சுடரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். திரும்ப இதைச் செய்ய வேண்டி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஏன் அந்த நிலை வந்தது என்று எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும். 2019 கடைசியில் குறைத்த வரிகள், கோவிட்டோடு நின்றுபோன சுற்றுலா, 2021இல் ஒரே இரவில் போல இரசாயன உரத்தைத் தடைசெய்தது என்று பலதும் சேர்ந்த கதை. எங்களுக்கு அது விலைப் பலகையாகத்தான் தெரிந்தது. 400 கிராம் பால்மா மார்ச்சில் 790 ரூபா. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், ஏப்ரல் கடைசியில் கொழும்பு விலைக்கே 4,860. பெற்றோல் ஜனவரியில் லீற்றர் 177, ஜூன் கடைசியில் 470. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

காஸ் தீர்ந்த அன்று அம்மா பின்பத்திக்குள் பழைய மண் அடுப்பை மெழுகினார். பன்னாடை, கொக்கரை, பாளை, பொச்சுமட்டை என்று வளவுக்குள் விழுந்ததெல்லாம் தரம் பிரிக்கப்பட்டுத் தாழ்வாரத்துக்குள் அடுக்கப்பட்டது. எது பற்றவைக்க, எது நின்று எரிய, எதைப் பிட்டு அவியும்போது வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஒரு பாடம் நடந்தது. மின்சார மோட்டார் நின்றபோது கிணற்றுக்குக் கப்பியும் கயிறும் திரும்ப வந்தன. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை என்று வேலிக்கு உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் கறியாகின. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் மீன் விலை ஏறியதால், மச்சம் போடாமல் ஒரு நாள் ஒடியல் கூழ் காய்ச்சினார். கசப்புப் போக ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, ஊறவைத்து, மரவள்ளி, பயிற்றங்காய், பலாக்கொட்டை போட்டது. நண்டும் இறாலும் இல்லாத கூழ் கூழே இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. மகன் இரண்டு கோப்பை குடித்தான்.

ஜூனில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு. வீட்டில் தோட்டம் செய்யச் சொல்லி! சுற்றறிக்கையை நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது அம்மா முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "மிளகாய்க் கன்று வெள்ளிக்கிழமையிலை மட்டும் வளருமோ பிள்ளை?" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் என்னிடம் மண்வெட்டியைத் தந்துவிடுவார். கத்தரி, மிளகாய், பயிற்றை, ஒரு மூலையில் மரவள்ளித் தடி. கத்தரி நன்றாக வந்தது. மிளகாய் இலை சுருண்டு போனது. மரவள்ளி கிழங்கு வைக்க மாதக்கணக்கு வேண்டும், பசிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எங்கள் வளவுத் தோட்டம் ஒரு நாளும் எங்களுக்கு முழுச் சாப்பாடு தந்ததில்லை, கறிச் செலவில் கொஞ்சத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் வீட்டுத் தோட்டப் படங்கள் முகநூலில் நிறைய வந்தன, ஏதோ இரண்டு கத்தரிச் செடியால் நாடு நிமிர்ந்துவிடும் என்பது போல.

இங்கேதான் தொண்ணூறுகளுக்கும் 2022க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மெல்ல உறைக்கத் தொடங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கடைகள் வெறுமையாக இருந்தன. சீனி இல்லை என்றால் யாருக்கும் இல்லை. டொக்டர் வீட்டிலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்ததற்கு யாரும் வெட்கப்படவில்லை, எல்லார் கொடியிலும் அதே வாசம். 2022இல் முதல் சில மாதங்களின் தட்டுப்பாடு போன பிறகு, கடைகளில் பல சாமான்கள் இருந்தன. சொக்லேட் கூட இருந்தது. வாங்கத்தான் முடியவில்லை. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. என் சம்பளம் அதே சம்பளம்.

இல்லாத சாமானுக்குப் பதில் இன்னொன்றைச் செய்துகொள்ள அம்மாவுக்குத் தெரியும். இல்லாத காசுக்கு அவரிடம் செய்முறை இருக்கவில்லை.

காசுப் பக்கத்தை இவர் பார்த்தார். முதலில் வரிசை. இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே படுத்து, மூன்றாம் நாள் காலையில் "முடிஞ்சுது" என்று பலகை போட்டதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். அதை வைத்து வாடகை ஓடி உழைக்க முடியாது. அப்போது இவர் எங்கள் மாமாவின் பழைய ரலி சைக்கிளைக் கூரையிலிருந்து இறக்கி, எண்ணெய் விட்டு, கரியரில் ஒரு பெட்டியைக் கட்டினார். விடிய நாலரைக்கு மருதனார்மடம் சந்தைக்குப் போய், மரக்கறி எடுத்து, நல்லூர்ப் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஓட்டோவில் ஏறும் வாடிக்கையாளர்களின் இலக்கங்கள் கைத்தொலைபேசியில் இருந்தன, அதுதான் முதல்.

முதல் நாள் போகும்போது தெருவில் தெரிந்தவர்கள் எழும்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டார். இரண்டாம் கிழமை அந்த அவசரம் இல்லை. காரோட்டிக் கொண்டிருந்த கனவான்களும் அப்போது சைக்கிளில்தான் போனார்கள். புதுச் சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தில், சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டுக் கடைக்குள் போக யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

அப்படியும் காணவில்லை. ஓட்டோவின் லீசிங் தவணை இருந்தது. என் தாலிக்கொடியை விட்டு மற்றச் சங்கிலியும் காப்பும் அடைவுக்குப் போயின. ரூபா விழுந்ததால் பவுன் விலை ஏறியிருந்தது, அதனால் நினைத்ததைவிடக் கூடக் காசு கிடைத்தது. கவுண்டரில் இருந்த பெண் அதைச் சந்தோஷச் செய்தி போலச் சொன்னார். ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீட்கப் போனபோதுதான் கேட்டேன். அலுவலகத்துப் பெண்கள் பத்துப் பேர் பிடித்த சீட்டில் என் முறையை ஓகஸ்ட்டுக்கு மாற்றித் தந்தார்கள். அதை விட்டுத்தந்தவர் அதே ஓகஸ்ட்டில் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியவர். அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் இன்று வரை கேட்கவில்லை.

அப்புறம் சித்தி. மாதம் தவறாமல் நூறு டொலர், சில மாதம் நூற்றைம்பது. முதலில் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக வந்தது. மார்ச் வரை வங்கி ஓர் அமெரிக்க டொலருக்கு இருநூற்றிச் சொச்சம் தந்துகொண்டிருந்தபோது உண்டியல்காரர் அதைவிட நல்லாகக் கூடத் தந்தார். வீட்டுக்கு நாலு தேங்காய் கூட வந்தால் நாட்டைப் பற்றி யோசிக்கவா தோன்றும்? நாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020இல் 710 கோடி டொலர், 2021இல் ஏறத்தாழ 550 கோடி. அந்தக் குறைவுக்குள் எங்கள் சித்தியின் நூறும் ஒளிந்திருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் தெரிகிறது, ‘சொந்தக் காலில் நின்றோம்’ என்று நான் எல்லாருக்கும் சொன்ன கதையில் ஒரு கால் சித்தியின் ஸ்காபரோவில் இருந்திருக்கிறது.

எங்களுக்குப் பின்வளவில் ஒரு குடும்பம். அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், வெளிநாட்டில் யாரும் இல்லை, அடைவு வைக்க ஒரு குண்டுமணியும் இல்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. உரத் தடை வந்ததிலிருந்தே தோட்டக்காரர்கள் நடும் பரப்பைக் குறைத்துவிட்டார்கள், பிறகு தண்ணீர் இறைக்க எண்ணெயும் இல்லை. அவருக்கு வேலை நின்றது. அந்த மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசு கப்பலில் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது, மொத்தம் 40,000 தொன் அரிசி என்று திட்டம். அந்த அரிசி பிரதேச செயலகத்தினூடாக அவர் வீட்டுக்கு வந்த அன்று, ஒரு சுண்டு அளந்து எங்களுக்குக் கொண்டுவந்தார். அம்மா முருங்கைக்காய் கொடுத்து அனுப்பும் கடனுக்கு. வேண்டாம் என்றால் கோபிப்பார் என்று அம்மா வாங்கி வைத்தார். பழகின சனம் என்று சித்தி சொன்னதில் அந்த அக்காவும் சேர்த்தியா என்று அன்றிரவு யோசித்தேன். தொண்ணூறுகளில் அவர் கைக்குழந்தை, வன்னியில் பிறந்தவர். அவருக்குப் பழகியது வேறு.

சரி, ஒக்டோபருக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மகள் ஓடி வந்தாள். "அம்மா, அம்மம்மா கிணத்தடியிலை இருந்திட்டா." விழவில்லை, தலை சுற்றிக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். நல்ல காலம், கயிறு கையில் இல்லை. இவர் கியூஆரில் மிச்சம் வைத்திருந்த பெற்றோலில் ஓட்டோவைக் கிளப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரஷர் எங்கேயோ நின்றது. டொக்டர் கேட்டார், "அம்மா மருந்து ஒழுங்காப் போடுறவவா?" நான் "ஓம், ஒரு நாளும் விடமாட்டா" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் எல்லாம் பாதிகள். கத்தியால் நேராக, சுத்தமாக, ஒன்றுகூட நொறுங்காமல் வெட்டிய பாதிகள்.

கதை இதுதான். மே மாதத்திலிருந்து கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தரும் மருந்தை இரண்டு கிழமைக்குத்தான் தந்திருக்கிறார்கள். மிச்சத்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, அவர்களும் என்ன செய்வது. அம்மா அந்தத் துண்டுகளை என்னிடம் தரவே இல்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் ஐந்து துண்டும் மடித்தபடி இருந்தன. ஒரு தடவை மட்டும் தானே பார்மசிக்குப் போய் விலை கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு கிழமை மருந்தை நாலு கிழமைக்கு ஆக்கினார். பால் தேத்தண்ணியை விட்டதும் அதே மாதம்தான். "டொக்டர் பால் குறைக்கச் சொன்னவர்" என்று அப்போது சொன்னார், நாங்கள் நம்பினோம். பிள்ளைகளுக்குப் பால்மா மிஞ்சியதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அம்மா கட்டிலில் கால் நீட்டியபடி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "தொண்ணூற்றிரண்டிலை உன்ர அம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்து இல்லாமல் நான் இப்பிடித்தான் பாதி பாதியாக் குடுத்தனான். நாலு வருசம் இருந்தவதானே."

என் அம்மம்மா 1995 இடப்பெயர்வுக்கு முன்பே ஒரு காலை இழந்திருந்தார். அந்தக் கால் ஏன் போனது என்று எங்கள் வீட்டில் யாரும் சேர்த்து யோசித்ததில்லை. சண்டை நேரம், அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஜாம் போத்தலில் எண்ணெயை அளந்து விட்ட கை, அதே கணக்கோடு மாத்திரையையும் அளந்திருக்கிறது. விளக்கை நாங்கள் படம் எடுத்துப் போட்டோம். மாத்திரையை யாரும் பார்க்கவில்லை.

இவர்தான் அன்று சரியாகப் பேசினார். "மாமி, நான் மரக்கறி வித்துக் கொண்டாற காசிலை உங்கடை குளிசைக்கு இல்லையெண்டால், நான் எதுக்கு விடிய நாலு மணிக்கு எழும்புறன்?" அம்மா மருமகனுக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை. "சரி தம்பி" என்றார். ஐந்து துண்டையும் எடுத்துக்கொண்டு இவர் சைக்கிளில் போனார். இரண்டு பார்மசியில் இல்லை, மூன்றாவதில் வேறு கம்பனியின் மருந்து கிடைத்தது.

2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது என்று பிறகு பத்திரிகையில் வாசித்தேன். அதே பத்திரிகையில் வடக்கு மக்கள் நெருக்கடியை எப்படித் தாங்கினார்கள் என்று ஒரு பாராட்டும் இருந்தது. வெட்டி வைக்கலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கிணற்றடியில் அம்மம்மாவைத் தூக்கியது அவன்தான்.

2023 செப்டெம்பரில் கியூஆர் முறையை நிறுத்தினார்கள். ஓட்டோ முழுநேரமும் ஓடுகிறது. மரக்கறி வியாபாரத்தை இவர் விடவில்லை, சனி ஞாயிறு மட்டும் போகிறார். சங்கிலியை மீட்டுவிட்டோம், காப்பு போய்விட்டது. மண் அடுப்பில் இப்போதும் கிழமைக்கு இரண்டு நாள் சமைக்கிறோம். ருசிக்காக என்று சொல்லிக்கொள்கிறோம். ஜாம் போத்தல் குசினி ஜன்னலில் இருக்கிறது. மகள் அதில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் நான் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணுவேன். அவருக்கு அது பிடிக்காது. "என்னைக் கள்ளி மாதிரிச் சோதிக்கிறாய்" என்பார். போன கிழமை எண்ணியபோது ஒன்று கூடுதலாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மறந்திட்டன் பிள்ளை."

மறந்தாரா, மிச்சம் பிடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய் முன்னால் நின்றேன். முழு மாத்திரை. போட்டுவிட்டு வாயைத் திறந்து காட்டினார்.